தட்டுவாரும் திறப்பாரும்

பிற நாடு சென்று தம் சமயத்தை அறிவுறுத்துவாரைப் பற்றி நம்மவர் கூறுவன பெரும்பாலும் இரண்டே. மதம் மாற்ற வந்தவர் என்று வெறுத்தொதுக்குவார் ஒரு சாரார். அவர்தம் ஊக்கம் நமக்கில்லையே என்று வியந்து வருந்துவார் மற்றொரு சாரார். இரண்டும் புறத்தே நின்று கூறுவன. அத்தொழிலை மேற்கொண்டவர் உள்ளத்தே எழும் ஐயம் யாது, அதற்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை யாது என்பனவற்றை நாம் அத்துணையாக ஆராய்ந்தோமில்லை. அவ்வையத்தை ஒருவர் வாய்மொழியாகவே கேட்கும் வாய்ப்பு அடியேனுக்கு நேர்ந்தமையின், அதனை அன்பர்கள் திருமுன் வைக்கத் துணிகின்றேன்.

அடியேன் புதுக்கோட்டையில் தமிழாசிரியனாக இருந்த காலம், ஆண்டு 1997. அமெரிக்க நாட்டினராகிய இருபத்துநான்கு வயதுடைய இளைஞர் ஒருவர், மதுரையில் ஓராண்டு தமிழ் பயின்றபின், குடுமியான்மலை முதலிய இடங்களிலுள்ள கல்வெட்டுக்களைக் காணும் விருப்பினராய் இவ்வூருக்கு வந்து தங்கினார். நண்பர் ஒருவர் அவரை அடியேன்பால் ஆற்றுப்படுத்தினார். நாற்பது நாள் மாலைதோறும் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடங் கேட்டார். பாடம் முடிந்தபின் உரையாடுவது வழக்கம். அவ்வாறு உரையாடுங்கால் அறிந்ததே, அவர் முன்னர் இரண்டாண்டு யப்பான் தேசத்தில் சமயப் பணி புரிந்தவர் என்பது.

அவர் மார்மன் என வழங்கும் கிறித்துவப் பிரிவினர். அச்சபை 1830இல் ஜோசப் ஸ்மித் என்பவரால் அமெரிக்காவில் தோற்றுவிக்கப்பட்டது. யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரம் அதன் தலைமையிடம். அச்சபை இளைஞர் பத்தொன்பது வயதில் இரண்டாண்டு சமயப் பணிக்குச் செல்வது அந்நாளைய முறை. 2012 முதல் பதினெட்டு வயதிலேயே செல்லலாயினர். செல்லும் நாட்டைத் தாம் தேர்ந்து கொள்ளுதல் இல்லை, சபையே விதிக்கும். செலவு அவரவர் சேமித்ததும் குடும்பத்தார் உதவுவதுமாகும். இருவர் இருவராகவே இயங்குதல் வேண்டும். பெற்றோர்க்குக் கடிதம் எழுதலாம். தொலைபேசியிற் பேசுவதோ அக்காலத்தில் ஆண்டிற்கு இருமுறையே. (இவ்விதி 2019இல் நெகிழ்ந்தது.) அந்நாளில் காலை ஆறரை மணிக்கு எழுந்து தம் நூல்களைப் பயின்று, பின்னர் வீடுதோறும் சென்று கதவைத் தட்டி வந்தனர்.

அவர் கூறிய அனுபவங்களுள் இரண்டு இன்றும் அடியேன் நெஞ்சை விட்டு அகலவில்லை. "ஐயா, அந்நாட்டவர் கதவைத் திறந்து, குனிந்து வணங்கி, 'வேண்டா' என்று மெல்லச் சொல்லிச் சாத்துவார்கள். வைதிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த வணக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார். இஃது ஒன்று. மற்றொன்று, முதிய அம்மையார் ஒருவரைப் பற்றியது. அவ்வம்மையார் வாரந்தோறும் இவ்விருவரையும் வரவேற்று அமுது அளித்து, அவர் கூறிய யாவும் செவிசாய்த்துக் கேட்டு வந்தார். பல திங்கள் கழித்து அவர் கூறியது இது: "நீங்கள் சொல்வன நல்லனவே. ஆனால் இறந்துபோன என் கணவருக்கு நாள்தோறும் விளக்கேற்றி வருகிறேன். நான் உங்கள் சபைக்கு வந்துவிட்டால் அவ்விளக்கை ஏற்றுவார் யார்?" அதற்கு விடை கூற மாட்டாராய் இவர் எழுந்து வந்தனராம்.

இரண்டாண்டில் இவர் சொற்கேட்டுச் சபை புக்கார் இருவரே. இதனைச் சொல்லியபின் அவர் அடியேனை வினாவினார்: "நான் சொன்னது மெய் என்றே நம்பினேன், இன்றும் நம்புகிறேன். மெய்யானால் கேட்டவர்கள் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? குறை என்னிடத்திலா, அவர்களிடத்திலா, இறைவனிடத்திலா?"

இவ்வினாவை எள்ளி நகையாடுதல் தகாது. எச்சமயத்தாராயினும் தாம் கண்ட மெய்யைப் பிறர்க்கு உரைக்கப் புகுந்தார் அனைவர்க்கும் உரிய வினா இது. அடியேன் உடனே விடை கூறவில்லை. அடுத்த ஞாயிறன்று அறந்தாங்கி வழியாக அவரை ஆவுடையார்கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். திருவாவடுதுறை ஆதீனத்திற்குரிய அத்திருக்கோயிலே திருப்பெருந்துறை என்பது அன்பர் அறிந்ததே. அங்கே கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, கருவறையில் ஆவுடையாரன்றிச் சிவலிங்கத் திருமேனியும் இல்லை. அவர் நெடுநேரம் நோக்கி நின்று, "இங்கே வணங்கப்படுவது எது?" என்றார். "காணப்படாதது" என்றேன்.

பின்னர், குருந்தமர நீழலில் மணிவாசகப் பெருமான் ஆட்கொள்ளப்பட்ட வரலாற்றைச் சொன்னேன். "தம்பி, அவர் பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர், குருவைத் தேடி வந்தவரல்லர். குருவே முன்வந்து காத்திருந்தார். அக்குருவை அவ்வழியே எத்துணையோ பேர் கண்டிருப்பர், உருகியவர் இவர். இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிரிலே திருவருள் பதிதலைச் சத்திநிபாதம் என்பது எம் சித்தாந்தம். பழுக்காத காயைத் தட்டினால் பழம் விழாது. அது தட்டியவன் குறையுமன்று, காயின் குற்றமுமன்று, மரம் படைத்தோன் குறையுமன்று. காலம் வரவில்லை, அவ்வளவே" என்றேன்.

அவர் சிறிது எண்ணிப் பார்த்து, "அவ்வாறாயின் பழுக்கும் வரை ஒன்றும் செய்யாது இருந்துவிடலாமோ? சோம்பி இருப்பவர்க்கு இது நல்ல சமாதானமன்றோ?" என்றார்.

அன்பர்காள்! இவ்வினா நம் அனைவரையும் நோக்கி எழுந்ததாகக் கொள்க. பக்குவம் என்னும் சொல்லை நாம் எத்துணை முறை நம் மடிக்குப் போர்வையாக்கிக் கொண்டிருக்கின்றோம்! நம் ஆசாரியர் அங்ஙனம் இருந்தாரல்லர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் இளமையிலே மதுரை சென்றார். அப்பரடிகள் முதுமையிலும் ஊர்தோறும் நடந்தார். தாமரையின் மொட்டு முதிர்ந்தாலன்றி மலராது என்பது கருதிக் கதிரவன் எழாதிருப்பதில்லை. ஒளி வீசுதல் கதிரவன் கடன். மலர்தல் மொட்டின் பருவம். அதனையே அவ்விளைஞர்க்கும் விடையாகச் சொன்னேன்.

இனி, ஒளி வீசும் முறையை வரலாறு நமக்குக் காட்டும். இவருடைய சபையைச் சார்ந்த ரிச்சர்டு பாலண்டைன் என்பார் 1853இல் சென்னைக்கு வந்தார். தமிழ் கல்லாது, ஆங்கிலம் அறிந்தார் நடுவிலேயே பெரும்பாலும் பேசி, ஓராண்டளவில் மீண்டார். அவரால் சபை புக்கவர் மிகச் சிலர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்னும் இளைஞரோ, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். நம் சுவடிகளைத் தொகுத்தார். நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் நூலெழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். நீ அழிக்கச் சென்றது அச்சமயத்தை, பரப்பவன்று என்னுங் கருத்தால் அங்குள்ள பெரியோர் அதனை ஒதுக்கினர். 1867இல் சென்னையிலே தான் அஃது அச்சேறியது. அவருக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியரின் மைந்தர் கணபதி வாத்தியார் 1709இல் கிறித்துவரானார். மகனை இழந்த அத்தந்தையின் துயரையும் நாம் மறத்தல் கூடாது. கல்வி கொடுத்தவர்க்கு அது வாய்த்த பயன் அன்றோ!

போப்பையர் 1839இல் சென்னைக்கு வந்தபோது அவர்க்கும் வயது பத்தொன்பதே. கதவைத் தட்ட வந்த அவ்விளைஞர், 1900இல் தம் எண்பதாம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்டார். இறுதிவரை கிறித்துவராகவே வாழ்ந்து 1908இல் மறைந்தார். அவர் மாறினாரல்லர், ஆயினும் திருப்பெருந்துறைப் பெருமானின் ஒளி அவர் வாயிலாகக் கடல் கடந்தது. தட்டியது ஒரு கதவு, திறந்தது மற்றொன்று. திருவருளின் இயல்பு இத்தகையது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. பிறர்க்கு உரைக்கப் புகுவான் அவர்தம் மொழியை முதற்கண் கற்றல் வேண்டும். அவர்தம் கொள்கையை அவரே ஒப்புமாறு எடுத்துரைத்தல் வேண்டும். சிவஞானசித்தியார் பரபக்கம் பதினான்கு மதங்களின் கொள்கையையும் முன்னர்க் கூறிப் பின்னரே மறுக்கும் நெறியும் இதுவே. ஏலாதார்பால் வெகுளியும் இகழ்ச்சியும் ஒழிதல் வேண்டும். விளக்கேற்றிய அம்மையார் போல்வார் உள்ளத்தில் இறைவன் வேறு வழியாகப் பணி செய்கின்றான் என்று அமைதல் வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, இலண்டன், அமெரிக்கா முதலிய இடங்களுக்குப் பொருளீட்டச் செல்கின்றனர். அவர்கள் யார் கதவையும் தட்ட வேண்டா. உடன் பணி செய்வான் ஒருவன், "உன் சமயம் யாது கூறுகின்றது?" என்று அவர்கள் கதவைத் தட்டுவான். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை அவன் மொழியில் கால் நாழிகை எடுத்துரைக்கும் ஆற்றல் அவர்க்கு உண்டா? மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியது அங்கே உதவாது. தாமே வினாவி, ஐயுற்று, தெளிந்ததே உதவும். அவர் புறப்படும் முன் அத்தெளிவை அளித்தல் ஊர்தோறும் உள்ள தந்தையர்க்கும் ஆசிரியர்க்கும் கடன். வாரத்தில் ஒரு மாலை, ஒரு திண்ணை, நாலைந்து பிள்ளைகள், அவர்கள் அஞ்சாது வினாவ ஓர் இடம், இவை போதும். பழுப்பித்தல் அவன் செயல். நீர் வார்த்தல் நம் செயல்.

திருச்சிற்றம்பலம்.