சைபர் இன்ஷூரன்ஸ் எடுக்கும் முன்

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் கேட்டரிங் நடத்தும் அண்ணன் ஒருவர் சைபர் பாலிசித் தாளை நீட்டி, "இது போதுமாப்பா?" என்றார். ஆர்டர், டேலி கணக்கு, வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் அவருக்கு ஒரே லேப்டாப்பில்.

கவர் தொகையை அப்புறம் பார்க்கலாம். விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். ஹேக்கர் புகுந்து திருடுவது வேறு. சப்ளையர் பெயரில் வந்த போலி மெயிலை நம்பி நாமே பணம் அனுப்புவது வேறு. இரண்டாவதற்குப் பல பாலிசிகளில் தனி ஆட்-ஆன் வேண்டும். சின்னத் தொழிலுக்கு அதுதான் முக்கியம் என்பேன்.

அதற்காக ஹேக்கர் ஆபத்தை லேசாக எண்ண வேண்டாம். 2018-இல் கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியிலேயே, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றச் செய்தி அமைப்பான ஸ்விஃப்ட் வழியாக, ஹேக்கர்கள் ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்குக் குறிவைத்தார்கள்.

பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள், கிளெய்முக்கு உதவும்.