மழை நனைத்த படிகள்

பெருமழைக்காலம் விடைபெறும் சித்திரையிலே மொரீசியஸ் சென்றிருந்தோம். உல்லாசப் பிரயாணிகள் குறைவு. விடுதிக் கட்டணமும் மலிவு. நமது ஆசிரியச் சம்பளத்துக்கு ஏற்ற பருவம் அதுவே.

போர்ட் லூயிஸ் துறைமுகத்து ஆப்ரவாசி காட்டின் 16 கற்படிகள் மழையில் நனைந்து கிடந்தன. 1834 முதல் இந்தியாவிலிருந்து இத்துறையில் வந்திறங்கிய ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளருள் தமிழரும் பலர்.

மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில், மீதியாகக் கிடைத்த ரூபாய்த் தாளிலே தமிழ் எழுத்துக்கள்! உவகையோடு கடைக்காரரிடம் காட்டினோம். "பாட்டனார் மொழி, எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார் ஆங்கிலத்தில்.

நம் உவகை அடங்கிற்று. எனினும் அவரை இரங்கத்தக்கவராகக் கருத நமக்கு என்ன தகுதி? அங்கே மொழி தேய்ந்தது, நாடு கிடைத்தது. நமது மலைநாட்டிலோ மொழி நிலைத்தது. நாட்டை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. மழையிலே கரும்பும் தேயிலையும் தழைக்கின்றன. நட்ட கைகளுக்கு மொழி, நாடு இரண்டுமல்லவா உரியவை?