புளியரை ஏற்றம்

தென்காசியிலிருந்து மேற்கே சைக்கிளில் போகிறவனுக்குக் காற்றோடு ஒரு தீராத வழக்கு உண்டு. ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கிவரும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். காசிவிசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்றாலே அதை அறிந்துகொள்ளலாம். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற கோபுரம் 1990-ல்தான் மீண்டும் முழுதாக எழுந்தது. மொட்டையாக நின்ற நாட்களிலும் காற்று அந்த வாசலை விட்டுப் போனதில்லை. சென்ற ஆடியில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வாசல் முன்னால் சைக்கிளோடு நின்றேன். எனக்கு 58 வயது. சைக்கிளில் 21 கியர்கள் இருந்தன. புளியரை ஏற்றத்தில் ஏறி ஆரியங்காவு வரை போய்த் திரும்புவது திட்டம். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் உடற்பயிற்சி.

இந்த ஆசையைத் தூண்டியவர் பிரான்சில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவர். கோடை விடுமுறை தோறும் வெர்கோர் மலைக்காடுகளுக்குள் சைக்கிளில் போய்விடுவார். ஒவ்வொரு கணவாயின் உச்சியிலும் அதன் பெயரும் உயரமும் எழுதிய பலகை நிற்கும். அதன்கீழ் சைக்கிளைச் சாய்த்துவைத்துப் படம் எடுத்து அனுப்புவார். அவர் வழியாகத்தான் பால் த விவியைப் பற்றி அறிந்தேன். 1853-ல் பிறந்து 1930 வரை வாழ்ந்தவர், சைக்கிள்காரர்களுக்கு 'வெலோசியோ'. சேந்த் எத்தியேன் நகரில் இருந்துகொண்டு சைக்கிளுக்கென்றே பத்திரிகை நடத்தினார். சைக்கிள் பயணம் பந்தயத்துக்காக அல்ல, பார்ப்பதற்காக என்றார். மலை ஏறுவதற்குக் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். பிரான்சின் பெரும் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சுக்கு அதில் உடன்பாடில்லை. கியர் எல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று எள்ளினார். செயின் தாவும் கியர் அந்தப் பந்தயத்துக்குள் அனுமதிக்கப்பட 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 45-ஐத் தாண்டிப் பல ஆண்டுகளான நான் வெலோசியோவின் கட்சியில் சேர்ந்ததில் வியப்பில்லை.

இலஞ்சியைக் கடக்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. இடப்புறம் குற்றால மலை பாதிக்கு மேல் முகிலுக்குள் இருந்தது. பேரருவி இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. குற்றாலம் போகிற வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட, நான் செங்கோட்டைச் சாலையில் தனியானேன். பிரானூர் பார்டரில் புரோட்டாக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் அங்கே வந்து எந்த மாநிலத்துப் பார்டர் என்று தேடுவார்கள். திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இருந்த எல்லை அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஆரியங்காவு கேரளத்தோடு நின்றது. எல்லை மலைமேல் ஏறிப் புளியரைக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய எல்லையின் பெயர் மட்டும் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு கீழேயே தங்கிவிட்டது.

எல்லை மலைமேல் ஏறிய இந்தச் செய்தி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வரலாறாகத் தெரிந்ததில்லை. அது வேறுவிதமாக எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது என்பதை நான் அறிந்தது அப்பா இறந்த பிறகுதான்.

1981-ல் எனக்கு 15 வயது. பள்ளி விடுமுறையில் நண்பர்கள் மூவரோடு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு ஆரியங்காவுக்குப் போனேன். ஏறும்போது பாதி தூரம் தள்ளினோம். இறங்கும்போது பெடலிலிருந்து கால்களைத் தூக்கிக்கொண்டு கூச்சலிட்டபடி வந்தோம். மாலையில் வீட்டுத் திண்ணையில் அந்த இறக்கத்தைத் தம்பிக்கு அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்த அப்பா ஒரு சொல்லும் பேசாமல் என்னைக் கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மளிகைக் கடையில் எடைபோடுகிறவருக்கு மகன் ஊர்சுற்றுவது பிடிக்கவில்லை என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். அந்த விளக்கத்தின்மேல் ஒரு கசப்பையும் நாற்பது ஆண்டுகள் வளர்த்தேன். அவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில்கூட அது எனக்குள் முழுதாகக் கரைந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின், சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இடதுகாலைச் சற்று இழுத்து நடப்பவர். சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்தார் என்பது குடும்பத்தின் பாடம். பேச்சு எப்படியோ அந்த அறைக்கு வந்தது. சித்தப்பா சிறிதுநேரம் பேசாமல் இருந்தார்.

"ஏல, நான் புளியமரத்துலேருந்து விழல. புளியரைல விழுந்தேன்" என்றார்.

அறுபதுகளின் நடுவில் நாடு முழுக்க அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. கேரளத்தில் 1964 முதல் ரேஷன். மலைக்கு இந்தப் பக்கம் வயலும் அந்தப் பக்கம் பசியும் இருக்கும்போது நடுவில் இருக்கிற ஏற்றத்தில் யாராவது ஏறித்தான் ஆகவேண்டும். அப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும், சித்தப்பாவுக்கு பதினெட்டு. இரண்டு பேரும் கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, டைனமோ விளக்கை அணைத்துவிட்டு, இரவில் ஏறியிருக்கிறார்கள். மிதிக்க முடியாது. ஹேண்டில்பாரில் ஒரு கை, மூட்டையில் ஒரு கை, தள்ளிக்கொண்டே போகவேண்டும். எதிர்காற்றில் மழைச்சாரல் வந்தால் சாக்கு நனையும். நனைந்த அரிசிக்கு விலை இல்லை. ஆகவே தம் சட்டையைக் கழற்றி மூட்டையின்மேல் போர்த்துவார்களாம். மறுபக்கம் யாரோ வாங்கிக்கொள்வார்கள். விடிவதற்குள் காலிச் சைக்கிளோடு கீழே வந்துவிடவேண்டும்.

"ஏறும்போதுதான்டே சுமை. இறங்கும்போது பின்னாலேருந்து காத்து தள்ளும். பறக்க மாதிரி இருக்கும். அந்த ஒரு சொகத்துக்குத்தான் நான் அண்ணன்கூடப் போனது."

ஒரு மழைநாள் இரவில் பிரேக் கட்டை பிடிக்கவில்லை. எஸ் வளைவில் சித்தப்பா சாலையை விட்டுப் போய் மரத்தில் மோதினார். அப்பா தன் சைக்கிளைப் புதருக்குள் எறிந்துவிட்டு, தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு இறக்கம் முழுக்க நடந்தார். எப்படி விழுந்தான் என்று மருத்துவரிடம் சொல்ல முடியாது. கீழே வந்து சேர்வதற்குள் புளியமரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் அவர் மூட்டை கட்டவில்லை. மளிகைக் கடைக்குப் போனார்; முப்பது ஆண்டுகள் பிறர் அரிசியை எடைபோட்டார்.

"அடிச்சது ஒன்னையில்லடே. என்னையத்தான்" என்றார் சித்தப்பா.

இதைத் தெரிந்துகொண்டபின் நான்காண்டுகள் அந்தச் சாலைப் பக்கம் போகவில்லை. பேருந்தில் போனால்கூட அந்த வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன் என்று தோன்றியது. நண்பரின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பலகைகளின் கீழ் சாய்ந்து நின்ற அழகான சைக்கிள்களைப் பார்க்கும்போதெல்லாம், புதருக்குள் கிடந்த ஒரு சைக்கிள் நினைவில் வந்தது. அதை யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்களா என்று சித்தப்பாவிடம் கேட்கவும் இல்லை.

செங்கோட்டையைத் தாண்டியதும் இருபுறமும் நெல்வயல். அதன்பின் தென்னை, தென்னைக்குப் பின்னால் சுவர்போல மலை. புளியரையில் தேநீர் குடித்தேன். அங்கிருந்து சாலை திரும்பித் திரும்பி ஏறுகிறது. இதைப் பெரிய மலை என்று சொல்ல முடியாது. கொடைக்கானல் போனவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தேசிய நெடுஞ்சாலை இது; பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறிகளை ஏற்றிய லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு கேரளத்துக்கு ஏறுகின்றன. மிகச் சிறிய கியருக்கு மாற்றிக்கொண்டு நான் அவற்றின் ஓரத்தில் ஊர்ந்தேன். காற்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. சாரல் தொடங்கியது. சட்டை நனைந்தபோது அதைக் கழற்றிப் போர்த்த என்னிடம் மூட்டை எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்து தொண்டையை அடைத்தது.

கீழே காட்டுக்குள் எங்கோ ரயில் கூவியது. 1904-ல் திறந்த பாதை. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நிறுத்தி, 2018-ல் மறுபடி ஓடவிட்டார்கள். மலையைக் குடைந்து ரயிலுக்கு வழிசெய்து அறுபதாண்டுகள் ஆனபின்னும் இரண்டு அண்ணன் தம்பிகள் இருட்டில் இந்த வளைவுகளில் மூட்டை தள்ளியிருக்கிறார்கள்.

வெலோசியோ சொன்னது சரிதான்: மெதுவாகப் போகிறவனுக்கே மலை தன்னைக் காட்டும். பாறையிடுக்கில் வழியும் பெயரில்லாத சிற்றருவிகளையும், முகில் விலகும்போது பின்னால் விரியும் செங்கோட்டை வயல்களையும் அன்று பார்த்தேன். அப்பாவும் மெதுவாகத்தான் போனார். அவருக்கு மலை எதைக் காட்டியிருக்கும்? இருட்டையும், முன்னால் தம்பியின் முதுகையும்தான். ஒரே சாலையை ஒருவன் காண்பதற்கும் இன்னொருவன் கடப்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு தலைமுறையின் சோறு என்று நினைத்துக்கொண்டேன். என் காலுக்குக் கீழே இருந்த 21 கியர்களில் அந்தச் சோறும் சேர்த்தி.

கோட்டைவாசலில் எல்லைப் பலகை இருந்தது. அதன்கீழ் சைக்கிளைச் சாய்த்தேன். படம் எடுக்கத் தோன்றவில்லை. ஆரியங்காவில் ஐயனைக் கும்பிட்டு, கடையில் புட்டும் கடலையும் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது காற்று முதுகில். பிரேக்கை விட்டால் போதும். சித்தப்பா சொன்ன பறப்பு இதுதான் என்று உடம்பு அறிந்தது. 15 வயதில் அறிந்ததும் இதைத்தான். எஸ் வளைவு கண்ணில் பட்டதும் இரண்டு பிரேக்குகளையும் பிடித்து இறங்கினேன். சாலையோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நின்று மரங்களைப் பார்த்தேன். எந்த மரம் என்று தெரியவில்லை. வளைவுகள் முழுதும் முடியும்வரை ஏறி உட்காரவில்லை. லாரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பஞ்சரா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புளியரையில் மறுபடியும் தேநீர் சொல்லிவிட்டுச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன் சித்தப்பா."

"வரும்போது விட்டுட்டு வந்தியா, தள்ளிட்டு வந்தியா?"

"வளைவுல தள்ளிட்டுதான் வந்தேன்."

அந்தப் பக்கம் சிறிதுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"சட்டை நனைஞ்சிருக்கும். மாத்திக்கோடே" என்றார்.