துருவோடு போகும் ஆர்சனிக்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஃபிரைபெர்க் நகருக்கு அடியில் ரைஷெ ட்செஷெ என்ற பழைய சுரங்கம் இருக்கிறது. வெள்ளிக்காகவும் ஈயத்துக்காகவும் தோண்டியது. 1969-இல் தாது எடுப்பது நின்றுவிட்டது. இன்று அது சுரங்கப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக் களம். அங்கே பாறையிலிருந்து சொட்டும் கசிநீரை முறையாகச் சேகரிக்கப் பழகியதில்தான் என் நீர்வேதியியல் படிப்பு உண்மையில் தொடங்கியது.

அந்தப் பாறையில் பைரைட் உண்டு, ஆர்செனோபைரைட் உண்டு. ஆர்செனோபைரைட்டைச் சுத்தியலால் தட்டினால் பூண்டு வாடை அடிக்கும். ஆர்சனிக்கின் வாடை அது. சுரங்கம் வழியே காற்றும் நீரும் உள்ளே போனதும் பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்து கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அந்த இரும்பை நுண்ணுயிர்கள் ஃபெர்ரிக் நிலைக்கு மாற்றுகின்றன. ஃபெர்ரிக் இரும்பு ஆர்செனோபைரைட்டையும் தாக்கி ஆர்சனிக்கை நீரில் இறக்கிவிடுகிறது.

என்னைப் பழக்கியவர் மூத்த ஆய்வக உதவியாளர் ஒருவர். "பிஎச்சை மட்டும் குறித்துக்கொண்டு மேலே வராதே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். மின்முனை நிலைகொள்ளும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். கருவி காட்டும் எண்ணை அப்படியே எழுதக் கூடாது. வெள்ளிக் குளோரைடு மின்முனை என்றால் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலுக்கு மாற்ற சுமார் 200 மில்லிவோல்ட் கூட்டி எழுத வேண்டும்.

பிஎச் மட்டும் ஏன் போதாது என்பது ஆய்வகத்தில் விளங்கியது. யுரேனினைட் என்ற யுரேனியக் கனிமத்தின் தூளை ஒரே பிஎச் உள்ள நீர்த்த கந்தக அமிலத்தில் இரண்டு குடுவைகளில் போட்டோம். ஒன்றில் நைட்ரஜனை ஊதிக் காற்றை விரட்டினோம். மற்றொன்றில் ஃபெர்ரிக் சல்பேட் சேர்த்தோம். முதல் குடுவையில் யுரேனியம் மிகக் கொஞ்சமே கரைந்தது. இரண்டாவதில் கரைசலுக்குள் வந்துகொண்டே இருந்தது. நான்கு இணைதிற யுரேனியம் பாறையை விட்டு எளிதில் இறங்காது. ஆறு இணைதிறத்துக்கு ஏறியபின் யுரேனைல் அயனியாக நீரோடு போய்விடும். அமிலம் வாசலைத் திறக்கிறது, ஆனால் யுரேனியத்தை வெளியே தள்ளுவது ஃபெர்ரிக் இரும்புதான். இதே சாக்சனியின் கோனிக்ஸ்டைன் சுரங்கத்தில் விஸ்முட் நிறுவனம் நிலத்தடி மணற்பாறைக்குள் நீர்த்த கந்தக அமிலம் செலுத்தி யுரேனியம் எடுத்தது. 1990-இல் உற்பத்தி நின்ற பிறகும் பாறைத் துளைகளில் எஞ்சிய அமில நீரைச் சுத்திகரிக்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது.

ஆர்சனிக்கின் போக்கு வேறு. ஒருநாள் அந்த உதவியாளர் ஒரே கசிநீரை இரண்டு பாட்டில்களில் பிடிக்கச் சொன்னார். இரண்டையும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தோம். ஒன்றில் அங்கேயே நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்டோம். மற்றதை அப்படியே மூடினோம். சில நாளில் அமிலம் விடாத பாட்டிலின் அடியில் செம்மஞ்சள் வண்டல் படிந்திருந்தது. மேலே இருந்த தெளிந்த நீரை மட்டும் சோதித்தபோது ஆர்சனிக் வெகுவாகக் குறைந்து தெரிந்தது. இரும்பு துருவாகப் படியும்போது ஆர்சனேட் வடிவிலிருந்த ஆர்சனிக்கை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அமிலம் விட்ட பாட்டில் சுரங்கத்தில் இருந்த அளவை அப்படியே காட்டியது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

பிறகு யுரேனியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஓர் அமிலக் கரைசலில் சுண்ணாம்பை மெல்ல மெல்லச் சேர்த்துப் பார்த்தோம். பிஎச் 3-ஐத் தாண்டியதும் துரு திரண்டது, ஆர்சனிக் விழுந்தது. யுரேனியம் பெரும்பாலும் நீரிலேயே நின்றது. 6-ஐ நெருங்கியபோது அதுவும் துருவில் ஒட்டியது. கார்பனேட் மிகுந்த காரநீரில் மறுபடி கழன்று வந்தது. ஆக்சிஜன் அற்றுப்போன இடத்திலோ நிலைமை தலைகீழாகும்: துரு கரைந்து ஆர்சனிக் விடுபடும், யுரேனியம் திடமாகப் படியும். ஒன்றைத் தடுக்கும் ஏற்பாடு மற்றதை அவிழ்த்துவிடக்கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமும் யுரேனியம் 30 மைக்ரோகிராமும் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இவ்வளவு நுண்ணிய அளவில் பாட்டிலின் அடியில் தங்கிய துருவே முடிவை மாற்றிவிடும். ஆகவே இப்படியொரு நீர்ச்சோதனை அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் எண்ணைப் பார்க்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நீரை வடிகட்டி எடுத்தார்களா? அமிலம் சேர்த்தது நீர் எடுத்த இடத்திலா, ஆய்வகம் வந்த பிறகா?