மலையேறும் படகு

ஏற்காட்டு ஏரிக்குக் கடல்வழி இல்லை. அங்கே மிதக்க வேண்டிய படகுக்குச் சேலத்துச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. பழுதுற்றால் அதே வளைவுகளில் இறங்கவும் வேண்டும். பிக்-அப் வண்டியின் பின்னே டிரெய்லரில் படகைப் பிணைத்து இழுக்கும்போது, ஏற்றத்தைக் கண்டே நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்சத்தக்கது இறக்கமே. ஏறுகையில் இழுபட்டு வந்த படகு, இறங்குகையில் வண்டியைத் தள்ளத் தொடங்குகிறது. பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குவதே முறை. குறுகிய இடத்தில் ஏறி வருவோருக்கே முதல் வழி.

சுமையை வைப்பதிலும் ஒரு கணக்குண்டு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கேனும் இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் அமர வேண்டும். பின்புறம் கனத்தால் டிரெய்லர் பாம்பென நெளிந்து வண்டியையே புரட்டிவிடும். பத்தில் ஒரு பங்கு என்றதும் நமக்கு விவிலியம் நினைவுக்கு வருவது இயல்புதான்! ஆயினும் இங்கே அதைக் கேட்பது காணிக்கைப் பெட்டியன்று, வெறும் எடைக்கணக்கு. கொக்கியின் கீழே இரு சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைப்பர். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முனை தரையில் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும்.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்ஙன்னூருக்கு விரைந்தனர். அவர்களுள் பலர் நம் திருச்சபையினர். வழியில் ஒரு கயிறு தளர்ந்திருந்தால், வெள்ளம் சூழ்ந்த வீடுகளில் காத்திருந்தோர்க்கு அப்படகு போய்ச் சேர்ந்திராது.

நம் மலைச்சாலையிலோ வளைவுதோறும் நடப்போர் உண்டு. தோட்டவேலை முடிந்து திரும்புவோர், பள்ளிப் பிள்ளைகள். சில வளைவுகள் கடந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, முடிச்சுகளைக் கையால் இழுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.