இருபதாம் நம்பர் சீட்டு

டாரட்னதும் நம்மாளுங்களுக்கு கிளி ஜோசியம்தான் ஞாபகம் வரும். எதிர்காலம் சொல்லும்ங்கற நம்பிக்கை எனக்கும் கிடையாதுங்க. ஆனா 1909-ல் லண்டனில் வந்த ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டில், பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச 'தீர்ப்பு' சீட்டு என்னை விடமாட்டேங்குது. மேலே தேவதூதன் எக்காளம் ஊதறார். கீழே ஆணும் பெண்ணும் குழந்தையும் சவப்பெட்டியிலிருந்து பொட்டுத்துணி இல்லாம எழுந்து நிக்கறாங்க.

பேருதான் தீர்ப்பு. தராசும் வாளும் அங்க இல்லை (அதெல்லாம் 11-ஆம் சீட்டு 'நீதி'யில்). எழுப்பி விடறதோட தூதர் வேலை முடிஞ்சுது, மிச்சத்தை நீயே பார்த்துக்கோங்கறதுதான் நான் எடுத்துக்கற அர்த்தம். ஆபீஸ் அப்ரைசல் ஃபாரத்துல நாம போட்டுக்கற கோட்டு சூட்டு இங்க செல்லாது.

வேலையை விடறதா வேண்டாமான்னு இந்த வாரம் முடிவெடுக்கணும். எழுத்து மேல ஆசையா, மேனேஜர் மேல கடுப்பா? சீட்டை மேஜையில வெச்சுப் பார்த்துட்டிருக்கேன். ராஜினாமா கடிதம் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு :-)