இரண்டு கறவைக்கு நடுவே

எங்கள் வீட்டுப் பசுவுக்கு அப்பாவின் கை மட்டும்தான் பழக்கம். வேறு யார் மடியில் கை வைத்தாலும் செம்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதனால் நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலக் கறவைக்குத் திரும்பியாக வேண்டும். விடியற்காலை பால் கறந்தபின் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வந்து சேரக்கூடிய தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்த உலகம். தெற்கே சிதம்பரம், வடக்கே கடலூர். நடுவில் எங்கள் ஊர், பரங்கிப்பேட்டை.

எங்கே போகிறோம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல்நாள் ராத்திரி அடுக்களைப் பக்கம் மூக்கைக் காட்டினால் போதும். புளிக்காய்ச்சல் கொதித்தால் கோயில். சென்னாகுனி வறுபட்டால் கடற்கரையோ காடோ. ஆயா இந்த விஷயத்தில் கறார். சென்னாகுனிப் பொடி கட்டிய தூக்கோடு கோயில் தெருவில் நடக்கக்கூட விட மாட்டாள்.

எங்கள் ஊர் ஸ்டேஷனான அகரத்தில் பாசஞ்சர் வந்து நிற்கும். மீட்டர் கேஜ் வண்டி, கரி எஞ்சின். ஜன்னலோரம் அக்காவுக்கா எனக்கா என்ற சண்டை முடிவதற்குள் வெள்ளாற்றுப் பாலம் வந்துவிடும். ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து ஆற்றில் போடுவாள். அந்தக் காசு தண்ணீரில் விழுந்ததா, பாலத்து இரும்பில் பட்டுத் தெறித்ததா என்று நான் ஒருதடவையும் பார்த்ததில்லை. கிள்ளை தாண்டினால் சிதம்பரம்.

எங்களோடு எப்போதும் மாமா வருவார். அம்மாவின் தம்பி. கடலூர் ஓ.டி.யில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். அச்சுக் கோத்த எதுவும் அவருக்கு மறக்காது. கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், சரித்திரப் பாடப்புத்தகம் எல்லாம் ஒரே குடுவையில் போட்டுக் குலுக்கியதுபோல அவர் தலைக்குள் கிடக்கும். எந்த இடத்தில் நின்றாலும் அதிலிருந்து ஏதாவது ஒன்று வெளியே விழும்.

சிதம்பரத்தில் அக்காவும் நானும் கோபுர வாசலைத் தாண்டவே நேரம் எடுப்போம். உட்சுவர்களில் வரிசையாக ஆடுகிற பெண்கள், 108 கரணங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்றாக அக்கா காலைத் தூக்குவாள், நான் தூக்குவேன், பின்னால் வருகிறவர்கள் எங்கள் மேல் முட்டிக்கொள்வார்கள். உள்ளே பொன்கூரை. 21,600 ஓடுகள், மனுஷன் ஒருநாளைக்கு விடுகிற மூச்சின் கணக்கு என்று ஆயா சொல்வாள். அண்ணாந்து எண்ணத் தொடங்கி, கழுத்து வலித்து விட்டுவிடுவேன். தீட்சிதர் திரையை விலக்கி ரகசியம் காட்டும்போது ஆயாவின் கண்ணில் நீர் வழியும். எனக்குத் தொங்குகிற தங்க வில்வ இலைகள் தெரியும். வேறொன்றும் தெரியாது. கொத்சுக்கு எப்போது போவோம் என்றிருக்கும்.

வெளிப் பிராகாரத்தில் மாமா நின்று மதிலைத் தட்டினார். "இது கோயில் மட்டும் இல்லடா, கோட்டை. 1781 ஜூன்ல வெள்ளைக்கார ஜெனரல் ஐர் கூட் இத அடிச்சுப் பிடிக்க வந்தான். உள்ள ஹைதர் அலி ஆளுங்க. பீரங்கியெல்லாம் கொண்டாந்தும் உள்ள நுழைய முடியல, திரும்பிப் போனான்."

"நடராசர் இருக்கச்சே எவன் நுழைவான்?" என்றாள் ஆயா.

"ஹைதர் ஆளுங்க சுட்டாங்க அத்தை."

"சுட வச்சது யாரு?"

மாமாவிடம் இதற்குப் பதில் இல்லை. இன்றைக்கு யோசித்தால் எனக்கும் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். சிதம்பரத்தில் எல்லாமே முழுசாக இருந்தது. தேர், குளம், ஆயிரங்கால், நாலு கோபுரம், எதிலும் ஒரு மூளிகூட இல்லை. முழுசாக இருப்பதைப் பார்த்தால் பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் தோன்றாது. நான் அங்கே கேட்டது ஒரே கேள்வி. தில்லை என்கிறார்களே, அந்தத் தில்லை மரம் எங்கே? கோயிலைச் சுற்றி ஒன்றையும் காணோம்.

அதைப் பார்க்கத்தான் பிச்சாவரம் போனோம் என்று ஆயா பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். நிஜத்தில் அப்போது 'இதயக்கனி' வந்து எம்.ஜி.ஆர். படகில் போன இடத்தைப் பார்க்க ஊரே துடித்துக்கொண்டிருந்தது. படம் 1975ல் வந்தது. படகுக்காரர் துடுப்பை ஒரு வளைவில் நிறுத்தி, "இங்கதான் ஐயா" என்று பயபக்தியோடு காட்டினார். அங்கே தண்ணீரும் வேரும் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

கால்வாய் குறுகக் குறுக இரண்டு பக்கத்துச் சுரபுன்னையும் தலைக்குமேல் கை கோத்துக்கொள்ளும். வெயில் அணைந்துவிடும். மரங்கள் முட்டுக்கொடுத்த கால்களில் நிற்கும், கால்களில் ஆளி அப்பியிருக்கும். பச்சையாக நீளமாகத் தொங்கியதைக் காய் என்று நினைத்துப் பறிக்கப் போனேன். அது காய் இல்லை, கன்று. விதை மரத்திலேயே முளைத்து, வேர்விடத் தயாராகி, பிறகுதான் கீழே விழும், சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே மரம், மிதந்தால் போகிற இடத்தில் மரம் என்றார் படகுக்காரர். உப்புத் தண்ணீரில் விதை முளைக்காதே, அதனால் தாயே முளைக்கவைத்து அனுப்புகிறது. இதைவிட நல்ல தாவரவியல் பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

ஓர் இடத்தில் கழுத்துவரை தண்ணீரில் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பல்லில் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர்கள். வலையில்லை, தூண்டிலில்லை. அகப்பட்டதைப் பறியில் போட்டுவிட்டு மறுபடி துழாவினார்கள். வாயில் பறி இருப்பதால் பேச்சும் இல்லை. அக்கா கையை ஆட்டினாள். ஒருவர் கண்ணால் சிரித்தார்.

தில்லையைப் படகுக்காரர் தூரத்திலிருந்தே காட்டினார். உதிரப்போகிற இலைகள் சிவந்து கிடந்தன. "கிட்ட போவாதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." ஆயா படகில் உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். கோயிலின் தல மரம் கோயிலைவிட்டு இத்தனை தூரம் வந்து உப்பங்கழியில் நிற்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். மரம் எங்கும் வரவில்லை, ஒருகாலத்தில் காடு அங்கே வரைக்கும் இருந்திருக்கும், ஊர்தான் அதைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டது என்றார் அப்பா. அவர் இப்படி ஏதாவது சொல்வது அபூர்வம். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே இப்போது 1,100 ஹெக்டேர் அளவில் மிஞ்சியிருக்கிற அந்தக் காடு, 2004 டிசம்பர் 26 அன்று தனக்குப் பின்னால் இருந்த ஊர்களின்மேல் சுனாமி அலையின் முழு வேகம் விழாமல் தாங்கிக்கொண்டது. கடலுக்கு நேரே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற குப்பம் அழிந்தது. பிழைத்தவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

மாசி மகத்துக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்குப் போவது தனிக் கணக்கு. அன்றைக்கு சைக்கிள் கடை பாய் குடும்பமும் எங்களோடு வரும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருவார். வழியில் தர்கா. அங்கேயிருந்து மாலையும் பட்டும் கொண்டுவந்து பெருமாளை வரவேற்பார்கள். பெருமாளுக்குச் சாத்திய மாலை தர்காவுக்குப் போகும். ஆயாவும் பாயின் அம்மாவும் ஒரே குடையின்கீழ் நின்று அதைப் பார்ப்பார்கள். வெயில் தாங்காமல் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வார்கள்.

கடலூர்ப் பயணம் வேறு மாதிரி. சிதம்பரத்துக்கு ஆயா கூட்டிப்போனாள் என்றால் கடலூருக்குக் கூட்டிப்போனது மாமா. முதலில் ஆயாவைச் சமாதானப்படுத்த ஒரு கோயில் போடுவார். பெரும்பாலும் திருவந்திபுரம். அங்கே கெடிலம் வடக்குப் பார்த்து ஓடும். மலைமேல் ஹயக்ரீவர். பரீட்சை நெருங்கினால் அம்மா எங்களை அங்கே தள்ளிக்கொண்டு போவாள். முகூர்த்த நாளில் போய்விட்டால் தொலைந்தோம், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாப்பிள்ளைகள்.

இல்லாவிட்டால் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறிய ஊர். கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடமே இருக்கிறது. ஆயாவுக்கு அது நேற்று நடந்த சங்கதி.

கும்பிட்டு முடித்ததும் மாமா அவசரப்படுத்துவார். தேவனாம்பட்டினம். பிள்ளைகள் கடலைப் பார்த்து ஓட, அவர் எங்களைப் பிடித்து இழுத்துக் கெடிலம் பக்கம் திருப்பி, புதரும் செங்கலும் கிடக்கிற ஒரு மேட்டில் நிறுத்துவார். "பாருங்க, செயின்ட் டேவிட் கோட்டை."

முதல் தடவை நாங்கள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தோம். கோட்டை எங்கே?

"ஏம்பா, இந்த ஒடஞ்ச செங்கல்லப் பாக்கவா எம்மாந்தூரம் இட்டாந்த?" என்று ஆயா கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஆரம்பித்தார். 1690. செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் வெள்ளைக்காரக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு வேலி இல்லை, கல் இல்லை. பீரங்கியால் சுடுவது, குண்டு எதுவரைக்கும் போய் விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனிக்கு. சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல், அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் குண்டு கிராமங்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கடல் மறந்துபோனது. மேட்டில் நின்று எந்தப் பக்கம் பீரங்கியை வைத்திருப்பார்கள், எவ்வளவு நிமிர்த்தியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். உழுதுகொண்டிருந்தவனுக்குத் தலைக்குமேல் ஏதோ போனது தெரியும். தான் இனி வேறு ஆளின் குடி என்பது எப்போது தெரிந்திருக்கும்? எங்கள் ஊரும் குண்டுக்குள் வருமா என்று கேட்டேன். "அவ்ளோ தூரம் எந்தப் பீரங்கியும் அந்தக் காலத்துல சுடாதுடா" என்றார் மாமா. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயருக்கு இந்த மேடுதான் தலைநகரம், 1752 வரைக்கும். 1756ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னர். அடுத்த வருஷம் பிளாசியில் ஜெயித்தவர் இங்கே காற்று வாங்கியவர்தான். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தான், பிடித்தான், இடித்தான். மாமா 'இடித்தான்' என்று கையை வீசும்போது நிஜமாகவே சுவர் விழுந்த மாதிரி இருந்தது.

ஆயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: "அப்பரோட கல்லு மிதந்துது. இவனுங்க கோட்டை முழுவிடுச்சு."

சிதம்பரத்து மதிலை நான் எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன். ஆனால் கனவில் வந்தது அந்தச் செங்கல் மேடுதான். கண்ணுக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் சொல்கிற ஆள் வேண்டும். சொல்கிற ஆள் கிடைத்துவிட்டால் கட்டடம் இல்லாதது ஒரு குறையே இல்லை, சௌகரியம் என்றுகூடச் சொல்வேன்.

ஒரு வருஷம் பசு கன்று போட்டது. அப்பா நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்து நாங்கள் படுத்திய பாட்டில் மாமா எங்களை வெளியே கிளப்பினார். ஆயாவும் வந்தாள். சொந்த ஊரில் என்ன பார்ப்பது என்று நான் முனகினேன்.

முதலில் ஆற்றோரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். ஊரில் எல்லோருக்கும் அது 'மெரைன்'. பாட்டில் பாட்டிலாகப் பாம்பு, பேத்தை, நட்சத்திர மீன். தினமும் வலையில் வருகிற மீனுக்கு லத்தீன் பெயர் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து ஆயாவுக்குச் சிரிப்பு. "இத எண்ணெயில போட்டா போதும், எதுக்கு மருந்துல போட்டான்?"

பிறகு ஊருக்கு வடக்கே மணல்மேட்டுப் பக்கம். சிதம்பரத்தில் தோற்றுத் திரும்பிய அதே ஐர் கூட், 1781 ஜூலை 1 அன்று 8,000 பேர் அளவுள்ள படையோடு இங்கே வந்து, தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஹைதர் படையை ஜெயித்தான். கடலில் நின்ற கப்பலும் சுட்டது. அந்த மணலில் சவுக்கு வளர்ந்து நின்றது. கீழே முயல் புழுக்கை. மாமா ஹைதராக நின்றார், நான் கூட். அக்கா கப்பல்.

கடைசியாக இரும்பு. 1830ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் இந்த ஊரில் இரும்பு உலை வைத்தார். சேலத்து மண்ணிலிருந்து தாது வந்தது. உருக்குவதற்கு மரக்கரி. காடு காடாக வெட்டிக் கரியாக்கியும் கட்டுபடியாகவில்லை. சில பத்தாண்டுகளில் எல்லாம் அணைந்துபோனது. ஹீத் ஷெஃபீல்டு போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, கோர்ட்டுக்கு அலைந்தே காலம் முடிந்தது. இங்கே காய்ச்சிய இரும்பு கப்பலேறிப் போய், வேல்ஸில் கடலின்மேல் கட்டிய பிரிட்டானியா பாலத்தில் சேர்ந்தது என்று மாமா சொன்னார். அதை எந்தப் புத்தகத்தில் அச்சுக் கோத்தாரோ, சொல்லும்போது குரல் சற்று உயர்ந்தது.

ஆயா உலை இருந்ததாகச் சொன்ன பொட்டலைப் பார்த்தாள்.

"அந்தப் பாலத்து மேல ரயிலு போவுதா?"

"போவுது அத்தை."

"நம்ம வெள்ளாத்துப் பாலம் மாதிரி?"

"அதவிடப் பெருசு."

"காசு போட ஜன்னலு இருக்குமா?"

அந்தப் பாலத்தில் ரயில் இரும்புக் குழாய்க்குள் போகும், ஜன்னலைத் திறந்தாலும் கடல் தெரியாது என்பது மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1970ல் தீப்பிடித்து அந்தக் குழாய்களையே எடுத்துவிட்டார்கள் என்பதும் தெரியாது. இருக்கும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும், சீம்பால் வேறு காய்ச்ச வேண்டும் என்று ஆயா முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.